மலை மைதானத்துக்கு எந்த ஹாக்கி மட்டை? காம்போசிட் மட்டை வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கோத்தகிரிப் பக்கங்களில் மாலை வேளையில் மைதானத்தின் ஓரம் வந்து நிற்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் இவை. ஜூன் மாதம் பள்ளி திறந்து, குறுவட்டப் போட்டிகளைப் பற்றிய பேச்சு தொடங்கியதும் இவையே திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மட்டையின் மேல் அச்சடித்திருக்கும் கார்பன் சதவீதம் நீலகிரியில் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

காம்போசிட் மட்டை என்றால் என்ன?

கண்ணாடி இழை, கார்பன் இழை, அராமிட் இழை ஆகியவற்றைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகச் சுற்றி, அச்சில் வைத்துச் சூடேற்றி இறுக்கிய மட்டை. மூன்று இழைகளுக்கும் மூன்று குணம். கார்பன் விறைப்பைத் தருகிறது; அடியின் வேகம் அதிலிருந்து வருகிறது. கண்ணாடி இழை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அடி தாங்கும், விலையும் குறைவு. மஞ்சள் நிறத்தில் இருக்கும் அராமிட் இழை அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். இவற்றை எந்த விகிதத்தில் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மட்டையின் குணமும் விலையும்.

சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிப்படி மட்டையில் உலோகம் இருக்கக் கூடாது. நீளம் 105 சென்டிமீட்டருக்கும் எடை 737 கிராமுக்கும் மேல் போகக் கூடாது. டேப், கிரிப் எல்லாம் சுற்றிய பிறகும் 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் மட்டை நுழைந்து வர வேண்டும். கடையில் விற்கும் மட்டைகள் பொதுவாக இந்த வரம்புகளுக்குள்தான் இருக்கும். வீட்டில் டேப்பை மேலும் மேலும் சுற்றுகிறவர்கள்தான் வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சார், என் மாமனார் வெலிங்டனில் பட்டாளத்தில் இருந்தபோது மரமட்டையில்தான் ஆடினாராம். மரத்துக்கு ஈடே இல்லை என்கிறார். உண்மையா?

அவர் சொல்வதில் பாதி உண்மை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது மரமட்டைகளை வைத்துத்தான். ஜலந்தரிலும் மீரட்டிலும் மல்பெரி மரத்தில் செய்த மட்டைகள் உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மல்பெரிக்கு வளைந்து கொடுக்கும் தன்மை உண்டு. பந்து வந்து மோதும்போது துள்ளி ஓடாமல் மட்டையோடு சற்றே ஒட்டி நிற்கும். பந்தை நிறுத்தவும் உருட்டவும் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பிறகு ஆட்டம் நடக்கும் தரை மாறிவிட்டது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஆடினார்கள். தரை சமமானது, பந்து வேகமெடுத்தது; அந்த வேகத்துக்கேற்ற விறைப்பைத் தேடித்தான் மட்டையும் மரத்தை விட்டு வெளியே வந்தது. சென்னை எழும்பூரிலோ கோவில்பட்டியிலோ மதுரையிலோ செயற்கைத் தளத்தில் மரமட்டையோடு இறங்கினால் பந்து நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

நம் மலைக்கு மரம் ஒத்துவராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ஈரம். ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடுகிறது, இடையில் மூடுபனி. மரம் ஈரத்தைக் குடிக்கும், கனக்கும், காயும்போது தலையோரம் (பந்தை அடிக்கும் வளைந்த கீழ்முனைதான் மட்டையின் தலை) பிளக்கும். மேலே கண்ணாடி இழைத் துணி சுற்றிய மரமட்டைகளிலும் கீழ் விளிம்பு தேய்ந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். காம்போசிட் தண்ணீர் குடிக்காது.

ஆகவே என் பதில் இது. எட்டு ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளைக்கு, ஆர்வம் நிலைக்குமா என்று பார்க்கும் முதல் பருவத்துக்கு, விலை குறைந்த மரமட்டை போதும். பிள்ளை தொடர்ந்து வருகிறது என்று தெரிந்தபின் காம்போசிட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தக் காம்போசிட் எப்படிப்பட்டது என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கார்பன் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? கடைக்காரர் அதிகம் இருந்தால்தான் நல்லது என்கிறாரே?

அதிகம் இருந்தால் விலை அதிகம். அவருக்கு அது நல்லதுதான்.

விறைத்த மட்டை அடியின் சக்தியை வீணாக்காமல் பந்துக்குக் கொடுக்கிறது. ஆனால் கொடுப்பதற்குக் கையில் சக்தி இருக்க வேண்டும். முழு வீச்சில் அடிக்கத் தெரிந்த, தோளும் மணிக்கட்டும் முற்றிய ஆட்டக்காரருக்கு 70, 90 சதவீதக் கார்பன் பலன் தரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மட்டை ஓர் இரும்புக் கம்பிதான். வருகிற பந்தை நிறுத்தப் போனால் அது எகிறி இரண்டு அடி தள்ளிப் போய் விழும். எதிரணி அங்கே காத்திருக்கும்.

இதில் நம் மைதானங்களின் நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். மலையில் சமதரை என்பதே சரிவை வெட்டி உண்டாக்கியதுதான். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலைத் தோட்டம், நடுவில் புல்லும் சரளையும் மழை அரித்த ஓடைக்கோடுகளும். பந்து நேராக வருவதே அபூர்வம். தத்தி வரும், திடீரென்று முழங்காலுக்கு எழும்பும். இங்கே ஓர் ஆட்டத்தின் பெரும்பகுதி பந்தை அடக்குவதிலேயே போகிறது. அடக்குவதற்கு உதவுவது கண்ணாடி இழையின் இளக்கம்.

அடுத்தது தேய்மானம். சரளையில் உரசும்போது முதலில் போவது தலையின் கீழ் விளிம்பு. கார்பன் அதிகமான மட்டை விறைப்பானது. ஆனால் கூரான கல்லில் பட்டால் சில்லுசில்லாகப் பெயரும். கண்ணாடி இழை கூடுதலாக உள்ள மட்டை அதே அடியில் கீறலோடு தப்பிக்கும். அதிலும் மட்டையைக் கிட்டத்தட்டத் தரையோடு படுக்கவைத்து விளிம்பால் அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டைச் சரளையில் பழகுகிற பையனிடம் பத்தாயிரம் ரூபாய் மட்டையைக் கொடுப்பது பணத்தைத் தரையில் தேய்ப்பதுதான்.

சதவீதம் என்ற எண்ணுக்கே இன்னொரு சிக்கல் உண்டு. அது மட்டையின் மொத்த எடையில் இத்தனை பங்கு என்று எல்லோரும் ஒரே மாதிரி அளந்து போடுவதல்ல. இழைகளின் கலவையில் கார்பன் எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் சொல்கிறது. கார்பனிலும் தரங்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் 50 இன்னொன்றின் 50 அல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு மட்டைகளை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

சுருக்கமாக வேண்டுமா? மண் மைதானத்தில் ஆடும் பள்ளிப் பிள்ளைக்கு 10 முதல் 30 சதவீதம். மாவட்ட அணிக்குத் தேர்வாகி, முதல்வர் கோப்பை போன்ற போட்டிகளுக்காகக் கீழே இறங்கிச் செயற்கைத் தளத்தில் ஆடத் தொடங்கினால் 40, 50. அதற்கு மேலே போக வேண்டிய நாள் வரும்போது பிள்ளைக்கே தெரியும். அப்பா அம்மா முடிவு செய்ய வேண்டியதில்லை.

நீளத்தை எப்படிப் பார்ப்பது? பிள்ளை வளர்கிறாளே, ஓர் எண் பெரிதாக வாங்கினால் என்ன?

பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைத்து மடித்து அடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது; மட்டையை மடித்து அடிக்க முடியாது.

பிள்ளையைக் காலணியோடு நேராக நிற்கவைத்து, மட்டையின் தலை தரையில் இருக்கும்படி பக்கத்தில் நிறுத்துங்கள். கைப்பிடியின் உச்சி இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி வந்தால் சரி. உயரத்தை வைத்துச் சொல்வதானால் ஏறக்குறைய இப்படி வரும்: நான்கடிப் பிள்ளைக்கு 30 அங்குலம், நாலரை அடிக்கு 32 அல்லது 33, ஐந்தடிக்கு 35. ஐந்தே கால் அடியிலிருந்து ஐந்தே முக்கால் அடி வரை 36.5. அதற்கு மேல் உயரமானவர்கள் 37.5. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கடைசி இரண்டு அளவுகள்தான்.

மட்டை நீண்டுவிட்டால் பிள்ளை குனிய மாட்டாள். நிமிர்ந்து நின்றே ஆடுவாள், பந்து காலிலிருந்து எட்டிப் போகும், ஓடும்போது கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தும். குத்தாமல் இருக்க இடது கையை உச்சியிலிருந்து கீழே இறக்கிப் பிடிப்பாள். அந்தப் பிடி ஒரு வருடம் பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. குட்டையான மட்டையில் எட்டும் தூரம் கொஞ்சம் குறையும், முதுகு கூடுதலாக வளையும். பந்து மட்டும் கட்டுக்குள் இருக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறினால் சிறியதை எடுங்கள்.

எடை?

பெரியவர்களின் மட்டை பொதுவாக 520 முதல் 570 கிராமுக்குள் இருக்கும். பிள்ளைகளுடையது இன்னும் இலேசு. மட்டையில் 'லைட்', 'மீடியம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மளிகைக் கடை மின்தராசில் வைத்துப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். தலை கனத்த மட்டை அடிக்கும்போது உதவும். பந்தை இடமும் வலமுமாக மாற்றி ஓடும்போது மணிக்கட்டைச் சோர்வடைய வைக்கும். இடது கையால் மட்டும் உச்சியைப் பிடித்து, மட்டையின் தலையை முன்னும் பின்னுமாகத் திருப்பச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் கை தொங்கினால் அந்த மட்டை வேண்டாம்.

தடுப்பாட்டக்காரர்கள் சற்றுக் கனமாகவும் முன்கள வீரர்கள் இலேசாகவும் எடுப்பது வழக்கம். பள்ளி வயதில் எந்த இடத்தில் ஆடுவார்கள் என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். அதற்காகத் தனி எடையில் மட்டை தேட வேண்டாம்.

'லோ போ' மட்டைதான் வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். அது என்ன?

மட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் வில் போல மெல்லிய வளைவு தெரியும். அதன் மிக ஆழமான இடம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வைத்து 'மிட் போ', 'லோ போ' என்று பெயர். விதிப்படி வளைவின் ஆழம் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழமான இடம் தலையின் அடியிலிருந்து குறைந்தது 200 மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். லோ போ மட்டைகள் இந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்பவை.

மகன் கேட்பதன் காரணத்தை ஊகிக்க முடிகிறது. எதிரணியின் தவறுக்காகக் கோலுக்கு அருகே கிடைக்கும் பெனால்டி கார்னரில் இந்திய வீரர் ஹர்மன்பிரீத் சிங் பந்தை மட்டையில் தழுவி இழுத்து வீசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான். அந்த டிராக் ஃபிளிக்குக்கு லோ போ பொருத்தம்தான். பந்து வளைவில் உட்கார்ந்து உருண்டு வேகமெடுக்கும். டிராக் ஃபிளிக் இவ்வளவு பெருகியதற்கும் விதியே ஒரு காரணம். பெனால்டி கார்னரில் முதல் முயற்சியாக வீசி அடிக்கும் ஹிட் கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது கோலின் பின்பலகை உயரம். ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆனால் ஓர் அணியில் டிராக் ஃபிளிக் செய்பவர் ஒருவரோ இருவரோதான். மற்ற நேரமெல்லாம் ஆட்டம் பந்தைத் தள்ளும் புஷ், வீசி அடிக்கும் ஹிட், நிறுத்தம். லோ போ மட்டையில் சாதாரண ஹிட் அடித்தால் பந்து தூக்கும். பழகிய கைதான் அதை அடக்கும். நம் தரையும் சேர்ந்து தூக்கிவிடும். கோலை நோக்கி அடிப்பதைத் தவிர வேறு எங்கும் ஹிட்டில் வேண்டுமென்றே பந்தைத் தூக்கக் கூடாது. தெரியாமல் எழும்பிய பந்தும் ஆபத்தாகப் போனால் நடுவர் விசில் ஊதுவார். 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள அந்தக் கெட்டிப் பந்து எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்துக்குப் போனால் என்னவாகும் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். மிட் போ வாங்கிக் கொடுங்கள். பயிற்சியாளரே டிராக் ஃபிளிக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

தலையின் வடிவத்தில் 'மிடி', 'மாக்ஸி', 'ஹூக்' என்கிறார்களே?

'மிடி' எடுங்கள். பெரும்பாலானோர் ஆடுவது அதில்தான். 'மாக்ஸி', 'ஹூக்' வடிவங்களில் பந்தைத் தொடும் பரப்பு கூடுதல். மட்டையைப் படுக்கவைத்துப் பந்தை நிறுத்துபவர்களுக்குப் பிடிக்கும். திருப்பும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மகள் இடது கைப் பழக்கம் உள்ளவள். அவளுக்கென்று தனி மட்டை உண்டா?

கிடையாது. மட்டையின் தட்டையான முகம் இடது பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் ஒரே மட்டையில்தான் ஆடுகிறார்கள். கவலை வேண்டாம். ஹாக்கியில் மட்டையின் உச்சியைப் பிடித்துத் திருப்பும் வேலை இடது கையுடையது. வலது கை பெரும்பாலும் வழிகாட்டுகிறது. மகளுக்கு இதில் லாபம்தான்.

இணையத்தில் 'காம்போசிட் ஹாக்கி ஸ்டிக்' என்று தேடினால் நீளமான, வேறு மாதிரியான மட்டைகள் வருகின்றனவே?

அவை ஐஸ் ஹாக்கி மட்டைகள். தெரியாமல் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப அலைகிறவர்கள் உண்டு. அதனால் அடையாளம் சொல்கிறேன். நம் மட்டையின் தலை சிறிய கொக்கி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஐஸ் ஹாக்கி மட்டையில் நீண்ட சதுரக் கம்பும் அதன் அடியில் மெல்லிய நீளத் தகடும் இருக்கும். அது அடிப்பது பந்தை அல்ல. மூன்றங்குல விட்டமும் ஓரங்குலத் தடிமனும் உள்ள, ஏறக்குறைய 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டை.

அதை வாங்கும் கணக்கே வேறு. அங்கே இடது, வலது என்று தனித்தனி மட்டைகள் உண்டு, தகட்டின் வளைவு அதற்கேற்ப மாறும். 'ஃபிளெக்ஸ்' என்று ஓர் எண் போட்டிருக்கும்: கம்பை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதன் அளவு அது. பெரியவர்களுக்கு 75 முதல் 100 வரை வரும். ஆட்டக்காரரின் எடையைப் பவுண்டில் எடுத்துப் பாதியாக்கினால் வருவதுதான் தொடக்கத்துக்கான எண் என்று ஒரு நாட்டுக்கணக்கு வைத்திருக்கிறார்கள். கம்பு எந்த இடத்தில் வளைய வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். கீழே வளைவது சட்டென்று வீசுவதற்கு, நடுவில் வளைவது முழு பலத்தோடு அடிப்பதற்கு. நீளத்தைக் காலில் ஸ்கேட் இல்லாமல் நின்றால் மூக்கு வரை, ஸ்கேட் அணிந்து நின்றால் தாடை வரை என்று பார்த்து, கூடுதலை ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். நம் மட்டையை அறுக்க நினைக்காதீர்கள்; எடைச் சமநிலை கெட்டுவிடும்.

ஐஸ் ஹாக்கியின் இந்திய வீடு லடாக்கும் இமாசலமும்தான். குளத்து நீர் உறைந்து கெட்டிப்பட்ட பனிக்கட்டியில் அங்கே ஆடுகிறார்கள். இந்திய மகளிர் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலமும் வென்றது. நம் ஊரில் தலைகுந்தாவில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்த படம் ஜனவரியில் நாளிதழ்களில் வந்தவுடன் பிள்ளைகள், "இங்கேயும் ஆடலாமா?" என்று கேட்பார்கள். வெயில் ஏறினால் காணாமல் போகிற வெண்மை அது. அதில் ஸ்கேட் ஓடாது.

எவ்வளவு செலவாகும்? எங்கே வாங்குவது?

மரமட்டை ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும். ஜலந்தரில் செய்யும் இந்திய நிறுவனங்களின் தொடக்கநிலை காம்போசிட் மட்டைகள் இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரத்துக்குள் வந்துவிடும். வெளிநாட்டுப் பெயர் பொறித்த, கார்பன் நிறைந்த மட்டைகள் பத்தாயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டும். பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை நம் எல்லோருக்கும் தெரியும். மைதானத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீடுகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. மூவாயிரம் ரூபாய் மட்டை இங்கே எந்தப் பிள்ளையின் ஆட்டத்தையும் குறைத்துவிடாது. மிச்சப் பணத்தில் முதலில் கணைக்கால் காப்பும் (ஷின் கார்டு) பல் காப்பும் வாங்குங்கள்.

முடிந்தால் கோயம்புத்தூருக்கு இறங்கி, பிள்ளையையும் கூட்டிப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் பெரியமேட்டு விளையாட்டுக் கடைகளில் வகைகள் அதிகம். இணையத்தில் வாங்கினால் நீளம், எடை, வளைவு மூன்றும் எண்ணாகக் கொடுத்திருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். '100 சதவீதக் கார்பன்' என்று போட்டு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு விற்றால் அதில் உண்மையாக இருப்பது விலை மட்டும்தான். பெயிண்டைத் தடவிப் பாருங்கள்: மேடு பள்ளம், ஒட்டுக்கோடு, விளிம்பில் குமிழி தெரிந்தால் விட்டுவிடுங்கள். தலையைத் தரையில் மெல்லத் தட்டும்போது உள்ளே ஏதாவது கடகடத்தாலும் வேண்டாம்.

மழையிலும் குளிரிலும் எப்படிப் பராமரிப்பது?

மட்டைக்கு மழை பிரச்சினை இல்லை, கிரிப்புக்குத்தான் பிரச்சினை. ஈரத்தில் வழுவழுப்பான ரப்பர் கிரிப் கையை விட்டு நழுவும். துண்டுத்துணி போலச் சொரசொரப்பாக இருக்கும் கிரிப், அல்லது ஈரம் பட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் ஷாமோய் கிரிப் நம் ஊருக்கு உகந்தது. மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஊறிய கிரிப்பில் பூஞ்சை பிடித்து நாறும்.

ஆட்டம் முடிந்ததும் சேற்றைத் துணியால் துடைத்து, சுவரில் சாய்த்துக் காற்றில் உலரவிடுங்கள். காலணியையும் காலுறையையும் கணப்பின் அருகே உலர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மட்டையை அங்கே வைக்காதீர்கள். இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் இளகும். அப்புறம் வெளியே ஒன்றும் தெரியாது, ஓர் அடியில் அடுக்கு பிரிந்துவிடும். போட்டிக்குக் கோவைக்குப் போகும்போதும் இதே எச்சரிக்கை: மேட்டுப்பாளையம் வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டைகளை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

புது மட்டையின் தலை விளிம்பில் முதல் நாளே பாதுகாப்பு டேப் ஒட்டிவிடுங்கள். சரளை முதலில் டேப்பைத் தின்னட்டும். டேப் கிழிந்தால் மாற்றுங்கள், மேலேயே சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

குளிர்காலக் காலைப் பயிற்சியில் பந்து இன்னும் கெட்டிப்படும். அடிக்கும்போது கை விண்ணென்று தெறிக்கும். விறைத்த மட்டை அந்த அதிர்வை அப்படியே கைக்கு அனுப்பும். இழைக் கலவையில் அராமிட் இருந்தால் கொஞ்சம் மட்டுப்படும். இடது கைக்கு ஒரு கையுறை போடுங்கள்; விரல்முட்டிகள் சரளையில் உரசாமலும் இருக்கும்.

கோல் கீப்பருக்குத் தனி மட்டை வேண்டுமா?

பள்ளி அளவில் வேண்டாம். இலேசான சாதாரண மட்டை போதும். அவருக்குச் செலவழிக்க வேண்டியது காப்புக் கவசத்தில்தான்.

சீனியர் அண்ணன் ஒருவர் பழைய மட்டையைக் கொடுக்கிறார். வாங்கலாமா? எப்போது ஒரு மட்டையை ஒதுக்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். கொஞ்சம் ஆடிய காம்போசிட் மட்டை சற்று இளகியிருக்கும், புதிதைவிடப் பிள்ளைகளின் கைக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் நான்கு இடங்களைப் பாருங்கள்.

நகத்தாலோ நாணயத்தாலோ மட்டையை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை கணீரென்று வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. தலையும் கம்பும் சேரும் கழுத்தில் குறுக்குக் கோடு ஓடினால் அது வெறும் பெயிண்ட் கீறலா, இழை வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். மட்டையின் உச்சியையும் நடுவையும் பிடித்து முழங்காலில் மெல்ல அழுத்துங்கள். நெறுநெறுவென்று கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாகக் கிரிப்பைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பாருங்கள். பழைய உடைசலை மறைக்க வசதியான இடம் அது.

விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால், நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, இருகுழல் எபாக்சிப் பசையால் நிரப்பி, காய்ந்தபின் சமன்செய்து டேப் ஒட்டலாம். தேய்க்கும்போது தூசைத் தடுக்கும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இழை நீட்டிக்கொண்டிருக்கும் மட்டையோடு மைதானத்தில் இறங்கக் கூடாது. கூரான, சொரசொரப்பான பகுதி எதுவும் மட்டையில் இருக்கக் கூடாது என்பது விதி. நடுவர் அதை வெளியே அனுப்புவார். கார்பன் சிராய் விரலில் ஏறினால் எடுப்பதும் எளிதல்ல.

கழுத்தில் விரிசல் விட்ட மட்டையை ஒட்டி மீண்டும் ஆட வேண்டாம். வீச்சின் நடுவில் முறிந்தால் தலைப்பகுதி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேல்பாதியை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டால் மைதானத்தில் கூம்புகளுக்குப் பதிலாக எல்லை அடையாளம் நட உதவும்.